மறுகாலில் வைத்த மண்

எங்கள் ஊருக்கு ரோடு வந்ததைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் என்னிடம் பேச வரவேண்டாம். அந்த ரோட்டை எனக்குத் தெரியும். அதன் மேல் நின்று என் வீடு கரைவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் பிறந்தது சிதறால் பக்கம். பாறையும் மரச்சீனிக் கிழங்கும் உள்ள ஊர். கல்யாணம் முடிந்து குளத்தூருக்கு வந்தபோது வெள்ளைக்காரன் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. திருவிதாங்கூர் மகாராஜா அப்போதும் இருந்தார். குளத்தூர் என்று நான் சொல்வது ஊரின் பெயர் இல்லை. குளத்தைச் சுற்றி இருந்ததால் அப்படிச் சொல்கிறேன். பெயர் எதற்கு? அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும்.

ஊரின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் பெரிய குளம். தெற்கே உயரமான கரை. கரைக்குக் கீழே வயல், வயலைத் தாண்டி நிலக்காரர்களின் தெரு. ஓட்டு வீடுகள், கோவில், தெப்பக்குளம் எல்லாம் அங்கே. குளத்துக்கு வடக்கே, தண்ணீர் வந்து சேரும் பக்கத்தில், நாங்கள். மண் சுவரும் ஓலைக் கூரையுமாகச் சில வீடுகள். அதில் ஆகத் தாழ்ந்த இடத்தில் இருந்தது என் வீடு. மாமனார் கட்டியது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு என் வீட்டுக்காரருக்கு வந்தது. எங்களுக்கு வேறு சொத்து இல்லை. கரைக்குக் கீழே நிலக்காரர் ஒருவரிடம் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த ஒரு துண்டு வயல் உண்டு, அது சொத்து ஆகுமா?

குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கரையின் மேற்குக் கோடியில் மறுகால் இருந்தது. கருங்கல் பாவிய தாழ்ந்த இடம். மாசியில் அறுக்கும் கும்பப்பூ பயிருக்குத் தண்ணீர் போதாது என்று நிலக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் அந்த மறுகாலின் மேல் குச்சி நட்டு, ஓலை வைத்து, மண் போட்டு முழங்கால் உயரத்துக்கு அடைப்பார்கள். அடைத்தால் குளத்தில் தண்ணீர் கூடும். கூடும் தண்ணீர் எங்கே ஏறும்? எங்கள் பக்கம் ஏறும்.

அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். என் வீட்டுத் தொழுவத்துக்கு முன்னால், குளத்து ஓரத்தில், ஒரு கல் நட்டிருந்தது. தண்ணீர் அந்தக் கல்லின் அடியைத் தொட்டதும் எங்கள் வீட்டில் இருந்து ஒருவர் கூவ வேண்டும். கூவியதும் அக்கரையில் இருந்து நிலக்காரர்கள் மண்வெட்டியோடு வந்து, அவர்கள் வைத்த மண்ணை அவர்களே வெட்டிவிட வேண்டும். நாங்கள் அதில் கை வைக்கக் கூடாது. வைத்தவர்தான் வெட்ட வேண்டும். மழை கொட்டினாலும் சரி, வீட்டில் விசேஷம் என்றாலும் சரி.

வந்த முதல் வருஷமே அதைப் பார்த்தேன். ஐப்பசி மழை. மாமியார் என்னைக் கூப்பிட்டு, "நீ கூவு. இனி உனக்க வீடுல்லா" என்றார். எனக்கு வெட்கம். ஆனாலும் வாயருகே கையைக் குவித்துக்கொண்டு, "கல்லு தொட்டாச்சே" என்று கூவினேன். அக்கரையில் யாரோ, "புதுப்பெண்ணுக்கத் தொண்டையா இது? கெழங்கு தின்ன தொண்டைதான்" என்று சிரித்தது தண்ணீர் மேல் தெளிவாகக் கேட்டது. ஆனால் வந்தார்கள். தலையில் ஓலைக் குடையோடு, கோவணத்தோடு, ஊரில் பெரிய மனிதர்கள் என்று நடந்தவர்கள் எல்லாம் மறுகாலில் இறங்கி மண்ணை வெட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் கல்லை விட்டுத் தண்ணீர் இறங்கிவிட்டது. எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூசுகிறவர்கள், நான் கூவியதும் ஓடி வந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் அதைச் சொல்வேன்.

ரோடு வேண்டாம் என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. மூத்தவளைப் பெறும்போது என்னைக் கட்டிலில் போட்டு, தக்கலை ஆஸ்பத்திரிக்குச் சேற்று வழியில் நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவருக்குக் கால் வழுக்கியது. கட்டில் சாய்ந்தது. அன்றைக்கு நான் பிடித்த கட்டில் சட்டத்தின் வலி இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் வாழைக்குலையைத் தலையில் வைத்துத் தக்கலைச் சந்தைக்கு நடந்தே போவார். கழுத்து வளைந்தே போயிற்று. ரோடு வேண்டும் என்று எங்கள் பக்கம்தான் அதிகம் ஆசைப்பட்டது.

ராஜா போனார், திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்தன, பிறகு பஞ்சாயத்து வந்தது. ஓட்டுப் போட்டோம். அக்கரை நிலக்காரர் ஒருவர் பிரசிடெண்ட் ஆனார். எங்கள் பக்கத்துக்கு என் வீட்டுக்காரர் மெம்பர் ஆனார். மெம்பர் ஆனதும் அவருக்கு ஒரு மேல்துண்டு வந்தது. நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார், ஒரு ஓரத்தில்தான், ஆனாலும் நாற்காலி. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய அப்பன் அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடந்ததில்லை.

பஞ்சாயத்தின் முதல் வேலை ரோடு. தக்கலை ரோட்டில் இருந்து பிரிந்து, எங்கள் வீடுகளுக்கு மேற்கே வந்து, மறுகாலைக் கடந்து, குளத்தங்கரை மேலேயே அக்கரைத் தெருவுக்குப் போக வேண்டும். மறுகாலில் பாலம் கட்ட வசதி இல்லை. சப்பாத்து கட்டலாம் என்றார்கள். கல்லும் சுண்ணாம்பும் சிமெண்டும் வைத்துத் தளம் கட்டுவது. மழைக்காலத்தில் தண்ணீர் அதன் மேல் வழிந்து போகும், வண்டியும் அதன் மேலேயே போகும்.

அளவு எடுக்க ஓவர்சியர் வந்தது தை மாதம். கும்பப்பூ கதிர் விடும் நேரம். மறுகாலில் மண் அப்படியே இருந்தது. நான் அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

ஓவர்சியர் கேட்டார். "மறுகாலுக்க உயரம் இதுதானா?"

"இதுதான்" என்றார் பிரசிடெண்ட்.

"இது மண்ணால்லா இருக்கு?"

"மேல கொஞ்சம் மண்ணு. உள்ள கல்லு. எங்க அப்பா காலத்துல இருந்தே இதான் உயரம்."

ஓவர்சியருக்குச் சந்தேகம். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீரு அந்தக் கரையாளுல்லா? நீரு சொல்லும்."

என் வீட்டுக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். மண்ணின் உச்சியில் கையை வைத்தார். "இம்புட்டுதான் சார்" என்றார்.

ஓவர்சியர் அளவுகோலை அங்கே நட்டு எழுதிக்கொண்டார். நான் துவைத்த துணியைப் பிழியாமலே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன். "அது மண்ணுல்லா? கல்லு கீழயில்லா கெடக்கு? ஏன் மேல காட்டினிய?"

"எளா, உனக்கு வெவரம் இல்ல. கீழ காட்டினா கீழதான் கெட்டுவான். பொறவு ரோட்டுக்க மேல மண்ணு வைக்க விடுவானா? தண்ணி நிக்காது. நம்ம பாட்ட வயலும் சேந்துதான் காயும்."

"வயலு நனையும். வீடும் நனையுமே."

"கல்லு தொட்டா நீ கூவு. அவங்க வந்து வெட்டிருவாங்க. பிரசிடெண்டே சொல்லியாச்சு."

"எத வெட்டுவாங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எத வெட்டுவாங்கன்னு கேட்டேன்."

"கஞ்சித் தண்ணிய இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. அவர் முட்டாள் இல்லை. பிரசிடெண்டும் முட்டாள் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குளத்தோடு வாழ்ந்தவர்கள். ஆனால் 'கூவினால் வெட்டிவிடுவோம்' என்ற பேச்சு அவர்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. வைக்கப் போவது கல் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அல்லது யோசித்தார்கள், சொல்லவில்லை. சப்பாத்தில் தண்ணீர் போக ஒரு கண் விட்டுப் பலகை போட்டால் வேண்டும்போது திறக்கலாமே என்று கூட்டத்தில் என் வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டாராம். எஸ்டிமேட்டில் இல்லை என்றார்களாம். அதோடு விட்டுவிட்டார். கல்லுக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத ஊர் உலகத்தில் எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

சப்பாத்து கட்டினார்கள். சரல் போட்ட ரோடு வந்தது. ஆவணியில் பஸ் வந்தது. வாழைக்குருத்துத் தோரணம் கட்டி, டிரைவருக்குச் சந்தனம் பூசி, நிலக்காரர் வீட்டுப் பெண்கள் குலவை போட்டு அனுப்பினார்கள். நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். என் மூத்தவள் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் என் வீட்டுக்காரர் வாழைக்குலையை பஸ் மேலே ஏற்றிவிட்டு, மேல்துண்டு கசங்காமல் உட்கார்ந்து தக்கலைக்குப் போனார். திரும்பி வந்து, "கழுத்து நோகல்ல கேட்டியா" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. ஒரு நாள் காலையில் மாட்டை அவிழ்க்கப் போனேன். கல்லின் அடியைத் தண்ணீர் தொட்டிருந்தது. கூவினேன்.

வந்தார்கள். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. வராமல் இருந்திருந்தால் வைவதற்கு வசதியாக இருந்திருக்கும். முன்பு போலவே ஓலைக் குடையோடு, தோளில் மண்வெட்டியோடு கரை வழியாக வரிசையாக வந்தார்கள். என் வீட்டுக்காரரும் நானும் இந்தப் பக்கம் இருந்து ஓடினோம். சப்பாத்தின் மேல் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வழிந்துகொண்டிருந்தது. எல்லோரும் அந்தக் கல் தளத்தின் மேல், கையில் மண்வெட்டியோடு நின்றார்கள். பழக்கத்தில் ஒருவர் ஒரு வெட்டு வெட்டினார். கணீர் என்றது. மண்வெட்டியின் வாய் மடங்கியது.

பின்னால் நின்ற ஒருவர், "எதுக்குவே மம்பட்டி? பல்லு குத்தவா?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் பிரசிடெண்டிடம் கேட்டேன். "அய்யா, கல்லு தொட்டாச்சு. வெட்டணும்."

"பாக்கேன்லா மக்களே" என்றார் அவர்.

"பாத்தா தண்ணி எறங்காது. கடப்பாரை எடுத்தா ஒரு ஓரத்த ஒடைக்கலாம். தண்ணி போயிரும்."

"ஒடைச்சா பஸ் வராது."

"வைச்சவங்கதான் வெட்டணும்னு உங்க நாயந்தான?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. குளத்தைப் பார்த்துச் சொன்னார். "மண்ணு நாங்க வச்சது, வெட்டினோம். இது சர்க்காரு வச்சது."

நான் வீட்டுக்கு ஓடிப்போய்க் கடப்பாரையை எடுத்து வந்தேன். தண்ணீர் அதற்குள் தொழுவத்துக்குள் வந்திருந்தது. கடப்பாரையைக் கொண்டுவந்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். "உங்களுக்க கைதான அன்னைக்கு உயரம் காட்டிச்சு. இப்பம் ஒடைங்க" என்றேன். அத்தனை பேர் முன்னால் அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் கடப்பாரையை வாங்கினார். அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துத் தக்கலையில் இருந்து வந்த பஸ் எங்களுக்குப் பின்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை நீட்டி, "என்னவே கூட்டம்? வண்டி போவுமா போவாதா?" என்று கேட்டார். பிரசிடெண்ட், "போவும், போவும். மெள்ள விடும்" என்றார். எல்லோரும் ஒதுங்கினார்கள். என் வீட்டுக்காரரும் ஒதுங்கினார். பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அக்கரைக்குப் போயிற்று. உள்ளே இருந்த பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கையாட்டின.

பஸ் போன பிறகு யாரும் உடைப்பதைப் பற்றிப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் கடப்பாரையைக் கரையோரக் கல்லில் சாய்த்து வைத்தார். "சாமானத்த எடுப்போம், வா" என்றார்.

மாடு, விதைநெல், பாத்திரம், கண்ணாடி, பிள்ளைகளின் துணி. எடுக்க முடிந்ததை எடுத்தோம். மண்வெட்டியோடு வந்தவர்களில் சிலர் எங்கள் சாமானைச் சுமந்தார்கள். மாமியார் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றார். தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. சாயங்காலம் சப்பாத்தின் மேல் நின்று பார்த்தேன். சுவர் விழவில்லை. அப்படியே நனைந்து, கனத்து, உட்கார்ந்தது. அதன் மேல் கூரை மெதுவாக வந்து படிந்தது. சத்தம்கூட இல்லை.

எங்கள் ஆட்கள் கும்பிடும் நிழல்தாங்கலில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். சில வாரம் அங்கே கிடந்தோம். அந்த வருஷம் கும்பப்பூ நன்றாக விளைந்தது. குளத்தில் அவ்வளவு தண்ணீர். அறுப்பு முடிந்ததும் நிலக்காரர்கள் எங்களுக்கு நெல் கொடுத்து அனுப்பினார்கள். வாங்கிக்கொண்டேன். பிள்ளைகளுக்குப் பசி, எனக்கு மானம் பார்க்க நேரமில்லை. பிறகு சப்பாத்துக்குப் பக்கத்தில், ரோட்டோரப் புறம்போக்கில் ஒரு கொட்டகை போட்டுக்கொள்ளப் பஞ்சாயத்து அனுமதி கொடுத்தது. அங்கே சாயாக்கடை போட்டோம். பஸ் அங்கே நிற்கும். வியாபாரம் ஆயிற்று. அக்கரைப் பெண்கள் பஸ்சுக்கு நிற்கும்போது, "வீடு போனாலும் ஒனக்கு நல்ல எடம் கெடச்சுதுல்லா" என்பார்கள். "உங்க வீட்டையும் கரைச்சிட்டு வாங்க. பக்கத்துல எடம் கெடக்கு" என்பேன். அதற்குப் பிறகு கொஞ்சம் தள்ளி நிற்பார்கள்.

என் வீட்டுக்காரரோடு பேசினேன், சோறு போட்டேன். ஆனால் அவர் மேல்துண்டை நான் துவைப்பதில்லை. அவரும் கேட்கவில்லை. அவரே துவைத்துக் காயப்போடுவார். ஒவ்வொரு கூட்டத்திலும் சப்பாத்தில் கண் வைக்க வேண்டும் என்று அவர் கேட்டார். முன்பு ஒரு தடவை கேட்டுவிட்டு உட்கார்ந்தவர், இப்போது கேட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தாராம். அடுத்த எஸ்டிமேட்டில் பார்க்கலாம் என்பார்கள். கடைசியில் கண் வந்தது. எங்களுக்காக வரவில்லை. உயரத்தில் இருந்து விழுந்த தண்ணீர் சப்பாத்துக்குக் கீழே ஓடைக் கரையை அரித்து, பிரசிடெண்டின் வயலைத் தின்ன ஆரம்பித்தது. உடனே எஸ்டிமேட் வந்துவிட்டது. சப்பாத்தின் நடுவில் உடைத்துக் கண் வைத்துப் பலகை போட்டார்கள். உடைத்தால் பஸ் வராது என்று சொன்ன அதே தளம். ரெண்டு கூலியாட்கள் கடப்பாரை வைத்து உடைத்தார்கள். நான் கடையில் இருந்து சாயா ஆற்றிக்கொண்டே பார்த்தேன்.

நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தது அந்த வருஷம்தான். தக்கலையில் கொண்டாட்டம், கூட்டம். ஊரே புறப்பட்டது. காலையில் பஸ்சுக்கு என் கடை முன்னால் வெள்ளை வேட்டியாக நின்றார்கள். பிரசிடெண்ட், மெம்பர்கள், என் வீட்டுக்காரர் உட்பட. அதற்கு முன் சில நாளாக மழை. நான் குளத்து ஓரம் போய்ப் பார்த்தேன். தொழுவம் இருந்த இடத்தில் புல். கல் மட்டும் தனியாக நின்றது. தண்ணீர் அதன் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்ணில் பலகை போட்டபடியே இருந்தது.

அங்கேயே நின்று கூவினேன். "கல்லு தொட்டாச்சே."

யாரும் அசையவில்லை. நான் கடைக்கு வந்து, அவர்கள் முன்னால் நின்று சாதாரணக் குரலில் திரும்பச் சொன்னேன்.

"அங்க வீடு இல்லியே மக்களே" என்றார் பிரசிடெண்ட். "தண்ணி நிக்கட்டும். யாருக்கு என்ன?"

"வீடு வரும்."

"எப்பம்?"

"தண்ணி கல்லத் தாண்டாம நின்னா வரும். பலகைய எடுங்க."

"பஸ் வந்திரும் ஏட்டி. வந்து எடுக்கலாம்."

"மண்ணு வச்சாலும் பலகை வச்சாலும் வச்சவங்கதான் எடுக்கணும். சர்க்காரு வைக்கல்ல. போன வாரம் நீங்கதான் ஆளு விட்டுப் போட்டிய. நான் பாத்தேன்."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மேல்துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். சப்பாத்துக்குப் போய்த் தண்ணீரில் இறங்கி முதல் பலகையைப் பிடித்து இழுத்தார். ஊறிப்போன பலகை, ஒரு ஆளுக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு பிரசிடெண்ட் வேட்டியை உயர்த்திக் கட்டிக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். அவர் இறங்கியதும் மற்றவர்களும் இறங்கினார்கள். பஸ் வந்து ஹாரன் அடித்தது. யாரும் ஒதுங்கவில்லை. கடைசிப் பலகை வரும்வரை அது நின்றது.

சேறு பட்ட வேட்டியோடுதான் அவர்கள் கொண்டாட்டத்துக்குப் போனார்கள்.

அந்த மேல்துண்டை அன்று துவைத்துப் போட்டேன். மாசியில் அதே இடத்தில் வீட்டுக்கு வானம் தோண்டினோம். இந்தத் தடவை அடித்தளம் கருங்கல்.